மாலை வகுப்பும் பழைய கடனும்

பெருந்தொற்றால் மூடிக்கிடந்த பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்குத் திறக்கச் சில நாட்களே இருந்தபோது, 2021 அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. ஏற்பாடு எளிமையானது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை, பள்ளி விட்ட பிறகு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம், அதே தெருவில் வசிக்கும் ஒருவர் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். அவருக்குக் கீழே இருபது பிள்ளைகள் வரை. தொடக்க நிலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் அதற்கு மேல் ஒரு பட்டமும் இருந்தால் போதும். ஊக்கத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். உச்சத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் இதில் இருந்தார்கள், பெரும்பாலானவர்கள் பெண்கள். மேடைகளிலும் நாளிதழ்களிலும் இவர்கள் செய்தது சேவை என்றும் கல்வித் தானம் என்றும் பாராட்டப்பட்டது. அந்தப் பாராட்டின் மீதுதான் எனக்குச் சந்தேகம். பின்தங்கிய பிள்ளைக்கு ஊர் சொல்லிக்கொடுப்பது கொடை என்றால் ஒரு விளைவு, கடன் என்றால் முற்றிலும் வேறு விளைவு. அது கடன்தான் என்பதும், கடன் என்று ஒப்புக்கொண்டால் பாடத்திட்டத்தில் ஊர் தலையிடுவது பற்றிய நம் எண்ணமும் மாறியாக வேண்டும் என்பதும் என் வாதம்.

முதலில், அந்த மாலை வகுப்பு ஏதாவது செய்ததா என்று பார்த்துவிட வேண்டும். பயனற்ற ஒன்றைக் கடன் என்று சொல்வதில் பொருளில்லை. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் சுமார் 19,000 குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே சோதித்தார்கள். பெருந்தொற்றுக்கு முன் 2019இல் எடுத்த அளவீடு அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்ததால் ஒப்பிட முடிந்தது. 2021 டிசம்பரில் பிள்ளைகள், இரண்டாண்டுக்கு முன் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கில் 0.73 திட்ட விலக்கமும் தமிழில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். கல்வி ஆய்வுகளில் இது மிகப் பெரிய சரிவு. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீட்சியில் சுமார் 24 விழுக்காட்டை மாலை வகுப்பின் கணக்கில் வைக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாகத் தேறியதற்கும் அது உதவியிருக்க வேண்டும் என்கிறார்கள். முக்கால் பங்கு வேலையைச் செய்தது பள்ளியும் ஆசிரியர்களும் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் கால் பங்கும் சாதாரணமன்று. ஆசிரியப் பயிற்சி இல்லாத, பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒரு திண்ணையையோ கோயில் மண்டபத்தையோ வைத்துக்கொண்டு செய்தது அது. எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. இந்தத் திறன் 2021இல் திடீரென்று முளைத்ததன்று. அதற்கு முன்பும் அந்தத் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் இருந்தார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாமல் ஐந்தாம் வகுப்பைக் கடந்த பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டு தரப்பும் பல ஆண்டுகள் அருகருகே வாழ்ந்தும் ஒன்றும் நடக்கவில்லை. இதை வெறும் தாராளமின்மை என்று சொல்லிக் கடந்துவிடலாமா?

கொடை என்ற கண்ணோட்டம் நம்மிடம் மிகப் பழையது, மதிப்புக்கும் உரியது. சமணம் தானத்தை நான்காகச் சொல்லும்: உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம். அறிவைக் கொடுப்பதைச் சோற்றுக்கும் மருந்துக்கும் சமமாக வைத்தது எளிய சாதனையன்று. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து வேடலில் முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவியும் அவருடைய மாணவிகளும் அங்கே இருந்தார்கள்; மற்றொரு மாணவர் கூட்டத்தோடு பிணக்கு ஏற்பட்டது; அப்போது அவர்களைக் காத்துச் சோறிடுவதாக ஊரார் பொறுப்பேற்றார்கள். பள்ளிக்கு ஊர் துணைநின்றதற்கு இதைவிடத் தெளிவான பழஞ்சான்று வேண்டியதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பெண்ணொருத்தி ஆசிரியராக இருந்ததும், அவரிடம் படித்தவர்களும் பெண்களாக இருந்ததும் தனியாக எழுத வேண்டிய செய்திகள்.

ஆனால் கொடைக்கு ஓர் இயல்பு உண்டு. கொடுப்பவனே யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்பதையும் முடிவுசெய்வான். முதலியார்குப்பம் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் எண்ணாயிரமும் இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அங்கே 340 மாணவர்களுக்கு ஒரு கல்விச்சாலை நடந்தது. அதற்கு விடப்பட்ட நிலம் 45 வேலி. கல்வெட்டைப் படித்தால் இன்றைய பல்கலைக்கழகச் சேர்க்கை அறிவிப்பு போலவே இருக்கிறது. இளநிலையில் 270 பேர்: இருக்கு வேதத்துக்கு 75, யசுருக்கு 75, சாமத்தின் இரு கிளைகளுக்கு இருபது இருபது, இலக்கணத்துக்கு 40 என்று போகிறது கணக்கு. மேல்நிலையில் 70 பேர்: வியாகரணத்துக்கு 25, பிராபாகர மீமாஞ்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10. உணவுக்கு நெல், ஆசிரியருக்கு ஊதியம், எல்லாம் அளந்து எழுதப்பட்டிருக்கின்றன. இதைப் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு பேரரசு கல்விக்கு இவ்வளவு ஒதுக்கியது பெரிய செயல். கொடையின் இலக்கணத்தை இது எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். பாடம் எது, இடம் எத்தனை என்பதை வகுத்தது கொடுத்தவரின் விருப்பம். கற்க வந்தவர் அந்தக் கட்டத்துக்குள் பொருந்தினால் சோறு உண்டு. பொருந்தாதவர் குறை சொல்ல முடியாது. அவருக்கு யாரும் எதையும் தர வேண்டியிருக்கவில்லை என்பதே கொடையின் தருக்கம்.

அந்த 45 வேலியை உழுதவர்கள் யார்? கல்வெட்டில் அவர்களுக்கென்று ஒரு வரியும் இல்லை. அவர்களின் பிள்ளைகள் அந்த 340 பேரில் இருந்திருக்க வழியும் இல்லை. நெல் நாழிக் கணக்கில் அளக்கப்படுவதற்கு முன்னால் யாரோ நாற்று நட்டார்கள், களை பறித்தார்கள், நீர் பாய்ச்சினார்கள். வியாகரணம் படித்தவன் படித்து முடிக்கும் வரை உண்டது அவர்களின் உழைப்பு. மன்னன் கொடுத்தான் என்று சொல்லும் இடத்தில் உழுதவன் கொடுத்தான் என்றும் சொல்ல முடிகிறதென்றால், கணக்கு தலைகீழாகிறது. படித்தவனே கடன்பட்டவன். யாருடைய உழைப்பின் மேல் அவன் ஓய்வாக உட்கார்ந்து படித்தானோ அவர்களுக்கு அவன் ஏதோ தர வேண்டியிருக்கிறது. இது சோழர் காலத்தோடு முடிந்த கதையுமன்று. அரசுப் பொறியியல் கல்லூரியிலோ மருத்துவக் கல்லூரியிலோ ஒருவர் கட்டும் கட்டணம் அவருடைய படிப்புக்கு ஆகும் செலவில் சிறு பகுதி. மிச்சத்தைக் கட்டியவர்களில், தீப்பெட்டி வாங்கும்போதும் பேருந்தில் ஏறும்போதும் மறைமுக வரி செலுத்திய கூலித் தொழிலாளியும் ஒருவர்.

கற்றலை ஒரு கடனாகப் பார்த்த மரபு வேதத்திலேயே உண்டு. பிறக்கும்போதே மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்று தைத்திரீய சம்கிதை சொல்கிறது: தேவர்களுக்கு வேள்வியால், முன்னோருக்கு மக்கட்பேற்றால், இருடிகளுக்குக் கல்வியால் அடைக்க வேண்டியவை. சதபத பிராமணம் மனிதர்களுக்குப் பட்ட கடன் என்று நான்காவதையும் சேர்க்கிறது. இந்தச் சிந்தனையில் நான் மதிப்பது ஒரு நுட்பத்தை. இருடியின் கடனை இருடியிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. அவர் என்றோ மறைந்துபோனார். கற்பதாலும் அடுத்தவனுக்குக் கற்பிப்பதாலும் மட்டுமே அது தீரும். வாங்கிய இடத்தில் அல்லாமல் வரப்போகிறவரிடம் செலுத்தும் கடன் இது. அதே மரபுதான் இந்தக் கடனை யார் அடைக்கலாம், யாரிடம் அடைக்கலாம் என்பதைச் சாதியால் வரம்பிட்டது. கடன் எல்லாருக்கும் உரியது, தீர்க்கும் வழி சிலருக்கு மட்டும் என்று ஆனபோது அந்தக் கருத்து தன்னையே முறித்துக்கொண்டது. நுட்பத்தை வைத்துக்கொள்ளலாம், வரம்பைத் தள்ளிவிட வேண்டும். வள்ளுவர் பக்கம் வந்தால் அந்த வரம்பு இல்லாமலே இது கிடைக்கிறது. குறளில் ஈகை 23ஆம் அதிகாரம். அதற்கு முன்னால் 22ஆவதாக ஒப்புரவறிதல் நிற்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் இரண்டு அதிகாரங்கள் தேவைப்பட்டிருக்கா. வறியவருக்கு இரங்கிக் கொடுப்பதற்கு முன்பாக, உலகத்தோடு சேர்ந்து வாழ்பவன் என்ற ஒரே காரணத்தால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு என்கிறது அந்த வரிசை. உரையெழுதிய பரிமேலழகர் இன்னும் ஒரு படி போகிறார்: இது அறநூல்கள் விதித்துச் சொல்லும் வகையைச் சேர்ந்ததன்று, தானே அறிந்து செய்ய வேண்டியது என்று அதிகாரத்தின் நுழைவாயிலிலேயே குறிக்கிறார். மாலை வகுப்பின் இடம் இருபத்திரண்டில், இருபத்துமூன்றில் அன்று.

நான் யாரிடமும் கடன் கேட்கவில்லையே, கேட்காததற்கு எப்படிக் கடனாளி ஆவேன் என்று ஒருவர் கேட்கலாம். தத்துவ வகுப்புகளில் வழக்கமாக எழும் கேள்வி இது. எழுத்தறியும் வயதில் யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதில்லை என்பது உண்மை. ஆனால் பெற்றோரைப் பேணும் கடமைக்கும் அப்படி ஒரு கையெழுத்து இல்லை. அதனால் அந்தக் கடமை இல்லை என்று நம்மில் யாரும் சொல்லத் துணிவதில்லை. தவிரவும், கேட்காமல் பெற்றதைத் திருப்பித் தர மறுப்பவர் அதைத் தொடர்ந்து அனுபவிக்கவும் செய்கிறார். படித்துக் கிடைத்த வேலை, படித்துக் கிடைத்த சொல்வன்மை, வங்கியில் படிவம் நிரப்ப அடுத்தவர் கையைப் பார்க்காத நிலை, இவற்றில் எதையும் அவர் துறப்பதில்லை. பலனை வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் மறுக்கும் வாதம் வலுவற்றது. இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: எதையும் பெறாதவருக்குக் கடனில்லை. பள்ளிப்படி ஏறவே விடாமல் தடுக்கப்பட்ட தலைமுறைகளிடம் போய், நீங்களும் ஊருக்குச் செய்யுங்கள் என்று கேட்பது அநியாயம். பெற்ற அளவுக்கே கடன்.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு இனிதான். இந்தக் கடன் பேச்சு கடைசியில் யார் தலையில் விழுகிறது? பட்டம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல், கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் தலையில். மாதம் ஆயிரம் ரூபாய் என்பது நாளொன்றுக்குச் சுமார் முப்பத்துமூன்று ரூபாய்; அதை ஊதியம் என்று சொல்லக் கூசித்தான் ஊக்கத்தொகை என்று பெயரிட்டார்கள் என்று தோன்றுகிறது. நிரந்தர ஆசிரியரை நியமிக்க வேண்டிய அரசு தன் பொறுப்பை அன்பு, சேவை, சமூகம் என்ற சொற்களுக்குள் ஒளித்துவிடுகிறது என்ற குற்றச்சாட்டு எளிதில் தள்ளத்தக்கதன்று. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, படித்தவர் ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கற்பித்தால் நாடே மாறிவிடும் என்ற தொனியில் பேசுவதைச் சுட்டிக்காட்டி, அந்தக் கொள்கையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறார்கள் என்று இல்லம் தேடிக் கல்வி அறிவிக்கப்பட்ட நாட்களிலேயே எதிர்ப்பு எழுந்தது. தன்னார்வலர் என்ற பெயரில் மதவாத அமைப்புகள் பிள்ளைகளிடம் நெருங்கிவிடும் என்ற அச்சமும் அதோடு சேர்ந்து வந்தது.

இந்த மறுப்பு என் வாதத்தை வீழ்த்துவதாகத் தெரியவில்லை; கூர்மையாக்கவே செய்கிறது. தானம் என்ற சொல்தான் குறைந்த கூலியை நியாயப்படுத்துகிறது. புண்ணியம் செய்பவர் காசு கேட்பாரா என்று அது வாயை அடைத்துவிடும். கடன் என்று வைத்துக்கொண்டால், யார் எவ்வளவு கடன்பட்டவர் என்ற கணக்கைக் கேட்காமல் இருக்க முடியாது. கேட்டால், அரசு உதவியில் மிக அதிகம் பெற்று மிக உயரத்துக்குப் போனவர்கள்தான் முதல் வரிசையில் நிற்பார்கள். அந்தப் பெண் மிகக் கடைசியில். நேரத்தால் கொடுக்க முடியாதவர் வரியால் கொடுக்கட்டும். அந்த வரியிலிருந்து அந்தப் பெண்ணுக்கு உரிய கூலி போகட்டும். கூலி வாங்குவதால் அவருடைய வேலையின் மதிப்பு குறையப்போவதில்லை. மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பதால் உயிர் காப்பது வணிகமாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே. அரசைப் பொறுத்தவரை, அது ஊரின் போட்டியாளர் அன்று. ஊரின் கடனை வசூலித்துச் செலுத்தும் முகவர். முகவர் தன் வேலையைச் செய்யாமல், கடன்பட்டவர்களிலேயே ஏழையானவரை நேரில் போய் அடைக்கச் சொல்வதுதான் தவறு. காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தி மேசை, நாற்காலி, கட்டடம் என்று மக்களிடமிருந்து திரட்டியபோது, அரசு ஆசிரியர் நியமனத்தை நிறுத்தி வைத்துவிட்டு அதைச் செய்யவில்லை. புதுப் பள்ளிகளும் புது ஆசிரியர்களும் பெருகிய காலம் அது. ஊர் கூடுதலாகக் கொடுப்பதற்கும், அரசு விட்ட இடத்தை ஊர் இட்டுநிரப்புவதற்கும் இடையிலான வேறுபாடு அங்கே தெளிவாக இருந்தது.

என் பிள்ளைக்கு நான் டியூஷன் வைக்கிறேன், ஊர்ப்பிள்ளை ஏன் என் பொறுப்பு என்ற மறுப்பு பெற்றோரிடமிருந்து வரும். தன் பிள்ளை மீது கூடுதல் அக்கறை காட்டும் உரிமையை எந்த அறமும் பறிக்க முடியாது. பறிக்கப் பார்த்தவர்கள் தோற்றார்கள். தென்கொரியாவில் 1980இல் இராணுவ ஆட்சி தனிப்பயிற்சியைத் தடைசெய்தது. 2000இல் அரசியல்சாசன நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. நம் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத்தான் தடுக்கிறது, பெற்றோரைத் தொடுவதில்லை. ஆனால் டியூஷன் பெருகுவதன் பொருளைக் கவனிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் கல்விநிலை பற்றிய ஏசர் (ASER) 2022 அறிக்கைப்படி இந்தியக் கிராமப்புறங்களில் ஒன்று முதல் எட்டு வரை படிப்போரில் காசு கொடுத்துத் தனிப்பயிற்சிக்குப் போவோர் 2018இல் 26.4 விழுக்காடு, 2022இல் 30.5 விழுக்காடு. பத்தில் மூன்று பேருக்குப் பள்ளிக்குப் பிறகு இன்னொரு பள்ளி இருக்கிறது. மீதி ஏழு பேர் அதே தேர்வை எழுதுகிறார்கள், அதே தரவரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் முன்னால் நிற்கும் பிள்ளையின் வெற்றி, பின்னால் நிற்கும் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தராததையும் சார்ந்திருக்கிறது. என் பிள்ளைக்குச் செய்வது என் உரிமை. அதனால் பிறர் பிள்ளைக்கு விளையும் பின்னடைவில் எனக்குப் பங்கில்லை என்று சொல்வது மட்டும் உரிமையில் அடங்காது.

பாடத்திட்டத்தின் கேள்விக்கு இப்போது வரலாம். கடன் என்று ஏற்பதன் முக்கியமான விளைவு இங்கேதான் இருக்கிறது. கொடுப்பவர் நிபந்தனை விதிக்கலாம். கடனைத் திருப்புகிறவர் விதிக்க முடியாது. இந்தப் பணத்தில் இன்னதைத்தான் வாங்க வேண்டும் என்று கடனாளி சொன்னால் கேட்பவர் யார்? ஊர் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கடன்பட்டிருக்கிறது. அதனாலேயே அந்தப் பிள்ளை என்னவாக வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஊருக்கு இல்லை. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டத்தை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். நேர்மையாகப் பேசினால் அதற்குப் பின்னால் காரணங்கள் இருந்தன. பள்ளிகள் போதவில்லை, மூன்று மணி நேரமாகக் குறைத்து இரண்டு முறை நடத்தினால் இரட்டிப்புப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும். கைத்தொழிலை மதிக்காத கல்வி ஊனமானது என்பது காந்தியத்தின் பழைய வாதமும்தான். மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது திட்டம். ஊரே பள்ளியாகும், தந்தையே ஆசிரியராவார். சமூகப் பங்கேற்பு என்று இன்று நாம் சொல்வதற்கு இதைவிட முழுமையான வடிவம் கிடையாது. அது கிராமப் பள்ளிகளுக்கு மட்டும் என்றிருந்ததுதான் அதன் உள்ளத்தைக் காட்டிவிட்டது. கைத்தொழில் அவ்வளவு உயர்ந்த கல்வியென்றால் மயிலாப்பூருக்கு ஏன் அது வேண்டாம்? குலக்கல்வி என்று பெரியார் இயக்கம் சூட்டிய பெயர் நிலைத்தது. 1954இல் காமராசர் முதல்வரான சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது. செருப்புத் தைப்பவரின் மகனுக்கு ஊர் கற்பிக்க முன்வந்தது; ஆனால் ஏற்கெனவே அவனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததையே கற்பிக்க முன்வந்தது. கடனைத் திருப்புவதாகச் சொல்லிக்கொண்டு பழைய கடனையே புதுப்பித்த கதை அது.

ஊரின் விருப்பம் எப்போதும் இப்படி மேல்சாதி விருப்பமாகவே இருக்குமா என்று கேட்கலாம். இருக்காது. எளிய, ஒதுங்கி வாழும் சமூகமும் இதே கேள்வியை எழுப்புகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நியூ கிளாரஸ் என்ற சிற்றூரில் ஆமிஷ் மதப்பிரிவினர் தங்கள் பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டார்கள். பதினாறு வயதுவரை கட்டாயக் கல்வி என்பது மாநிலச் சட்டம். ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளி தங்கள் சமய வாழ்வைக் கரைத்துவிடும், பண்ணையும் வீடுமே எங்கள் பள்ளி என்றார்கள் பெற்றோர். 1972இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். வழக்கு முழுவதும் பெற்றோரின் உரிமை, அரசின் உரிமை என்று நடந்ததே, பிள்ளைகளைக் கேட்டீர்களா என்பது அவர் கேள்வி. அவர்களில் ஒருவர் இசைக்கலைஞராகவோ விண்வெளி வீரராகவோ விரும்பினால் என்ன செய்வது? பெரும்பான்மைத் தீர்ப்பின் பரிவு எனக்குப் புரிகிறது. பெரும் இயந்திரத்துக்கு முன்னால் சிறு சமூகம் தன்னைக் காத்துக்கொள்ளத் துடிப்பது இழிவன்று. இருந்தும் டக்ளஸ் தொட்ட இடம்தான் நரம்பு. சமூகம் தன் வாழ்முறையைப் பிள்ளைக்குத் தரலாம், அதன் அழகைக் காட்டலாம், அதில் தங்க வேண்டும் என்று ஆசைப்படலாம். வெளியே போகும் கதவின் தாழ்ப்பாளைத் தன் கையில் வைத்துக்கொள்வது அதனினும் வேறு.

ஊருக்கு அந்த அதிகாரம் இல்லையென்றால் சென்னையில் உட்கார்ந்து பாடநூல் தயாரிப்பவருக்கு மட்டும் எப்படி வந்தது என்ற கேள்வி இங்கே தவிர்க்க முடியாதது. வரவில்லை. அவரும் அதே கடனை அடைப்பவர்தான். டெல்லியில் இருப்பவரும் அப்படியே. படித்து முடித்துப் பெரியவனானபின் அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்து, இதை ஏன் எனக்குச் சொல்லித்தந்தீர்கள், இதை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்ல முடிகிறதா என்பதே எந்த மட்டத்துப் பாடத்திட்டத்துக்கும் உரைகல். மாநில அளவில் வகுக்கும் பாடத்துக்கு ஒரு நன்மை உண்டு: ஓர் ஊரின் ஆதிக்கம் இன்னோர் ஊரின் எதிர்ப்பால் கொஞ்சம் தேய்ந்துபோகிறது. அதற்காக ஊர் வாய்மூடி இருக்க வேண்டும் என்பதன்று. கடலுக்குப் போகும் குப்பத்தில் பிள்ளைகள் எந்த நேரத்தில் உட்கார முடியும், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகும் மாதங்களில் எந்தப் பாடம் விடுபட்டது, வீட்டில் தெலுங்கோ இருளரின் மொழியோ பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து எங்கே சிக்குகிறது, இவற்றை எந்தப் பாடநூல் குழுவும் அறியாது; பக்கத்து வீட்டுக்காரி அறிவாள். ஊர் பாடத்தோடு எதையும் சேர்க்கலாம்: தன் ஏரியின் வரலாறு, தன் மூலிகைகள், தன் கூத்து. கழிக்கும்போதுதான் நிறுத்திக் கேட்க வேண்டும். பெண்பிள்ளைக்கு இந்த அறிவியல் பாடம் எதற்கு, அந்தத் தெருப் பிள்ளையோடு இவன் ஏன் சேர்ந்து உட்கார வேண்டும் என்று ஊர் தொடங்கும் இடத்தில் அதன் உரிமை முடிகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை வகுத்தபோது இந்தச் சமநிலையை ஓரளவு எட்டியது. உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்களின் எண்ணிக்கைக்கேற்ற இடம். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும் வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும் பணம் செலவாகும் விதத்தைப் பார்ப்பதும் அதன் வேலை. எதைக் கற்பிக்கலாகாது என்று சொல்வது அதன் வேலையில் இல்லை. தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் இருபது உறுப்பினரோடு புதிதாக அமைக்கப்பட்டன. எத்தனை குழுக்கள் கையெழுத்துக்கு மட்டும் கூடுகின்றன என்பது ஒவ்வொரு ஊரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டம் முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் நிதி திரட்டுகிறது. நல்ல முயற்சிதான். வெளிநாட்டில் இருப்பவர் தான் படித்த பள்ளிக்கு ஒரு வகுப்பறை கட்டித்தந்து வாசலில் பெயர்ப்பலகை வைத்துக்கொள்வதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. ஆனாலும், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்ததற்குப் பலகை வைக்கும் வழக்கம் வேறெங்கும் இல்லை என்பது அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

பலகை இல்லாமல் இந்தக் கடனைச் செலுத்தும் வழி ஒன்று நம்மிடம் நூறாண்டாகவே இருக்கிறது. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்க வழிசெய்தது. நகரங்களில் சொத்து வரி கட்டுபவர் இன்றும் ரசீதை உற்றுப் பார்த்தால் கல்விக்கென்று ஒரு பகுதி தெரியும். பிள்ளை இல்லாதவரும், பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறவரும், பிள்ளை வளர்ந்து வெளிநாடு போய்விட்டவரும் அதைக் கட்டுகிறார்கள். யாரும் அதற்குத் தானம் என்று பெயர் வைக்கவில்லை. அதைக் கட்டியதால் பாடநூலில் ஒரு பக்கத்தைக் கிழிக்கும் உரிமை தனக்கு வந்துவிட்டதாகவும் யாரும் நினைக்கவில்லை. அந்தத் தொகையிலிருந்து மாலை வகுப்பு நடத்தும் பெண்ணுக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எழுதி நகராட்சிக்கு அனுப்பலாம். ஆயிரத்துக்கு மேல் எவ்வளவு என்பதில் குழுவுக்குள் தகராறு வரும், வரட்டும்.